ஓணான் படச் சண்டை

செல்லை இப்படிக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி தாயி, எனக்கும் தெரியட்டும். ஆங். இந்தா வருது பாரு மிருகம், பாலத்துக்கு அடியில இருந்து. இப்பத் தலை மட்டுந்தான் வரும். முழுசாக் காட்டிற மாட்டான். கடைசி அரை மணி நேரத்துக்குன்னு ஒளிச்சு வச்சிருப்பான். கல்யாண வீட்டுல சில சமையக்காரன் பாயசத்தைக் கடைசிப் பந்திக்குன்னு பதுக்குவான்ல, அந்தக் கதைதான்.

ஏன் நிப்பாட்டிட்ட? ஓடட்டும். நான் பேசுறது உனக்குத் தொந்தரவா? இல்லேல்ல? நான் மெதுவாத்தான் பேசுவேன். கண்டக்டர் தம்பி என்னமோ கையைக் காட்டுறாரே. டிரைவரப் பாட்டுச் சத்தத்தக் கொறைக்கச் சொல்றாரு போல. நல்ல பிள்ளை.

எனக்கு ராஜபாளையம். பேரு முத்துராக்கு. நூல் மில்லுல இருந்தவ. இப்ப மதுரைக்குப் போறேன், படத்துக்கு. ஆமா, இந்த வயசுல, இதே மாதிரிப் படத்துக்குத்தான். சிரிக்காத. எம் மருமக ஜோதி திருமங்கலத்துல ஏறுவா. ஏறுவான்னுதான் நெனைக்கிறேன். போன்ல "சரி அத்தை"ன்னா. அந்த "சரி அத்தை"தான் நேத்துல இருந்து என்னைத் தூங்க விடல. சொல்றேன், திருமங்கலம் வர நேரம் கெடக்கு. நீ மதுரை வரைக்கும்தானே? நல்லதாப் போச்சு.

உனக்கு மொதல்ல ஒண்ணு சொல்லணும். மில்லுக்குள்ள மிசினு ஓடுற சத்தம் கேட்டிருக்கியா? கேட்டிருக்க மாட்ட. பக்கத்துல நிக்கிறவகிட்ட "தண்ணி குடிச்சியா"ன்னு கேக்கணும்னாலும் காதுல வாயை வச்சுக் கத்தணும். வருசக்கணக்காக் கத்திக் கத்தி எங்க செட்டு பொம்பளைகளுக்கெல்லாம் அதுவே பேச்சாப் போச்சு. காதும் பாதி போச்சு. சினிமாவுக்குப் போனாக் கதாநாயகனும் கதாநாயகியும் மரத்தடியில நின்னு குசுகுசுன்னு பேசுவாக, எனக்கு ஒரு எழவும் விளங்காது. அழுற எடத்துல பக்கத்துச் சீட்டுக்காரி அழுறாளான்னு பாத்து நானும் அழுது வச்சிருக்கேன்.

ஒரு நா சம்பளம் வாங்கிட்டு செட்டாப் போனோம். இங்கிலீசுப் படம், தமிழ்ல பேச விட்டிருந்தான். கடலுக்குள்ள இருந்து மலை உசரத்துக்கு ஒரு உடும்பு ஏறி வந்துச்சு தாயி. வந்து ஒரு உறுமல் உறுமுச்சு பாரு, உக்காந்திருந்த பலகையே அதிர்ந்துச்சு. நான் தியேட்டருல முழுசாக் கேட்ட மொத வசனம் அதுதான். அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு. அதுக்குப் பெறகு உடும்பு, பூரான், ரெக்கை வச்ச பாம்பு, எது வந்தாலும் முத்துராக்கு தியேட்டருல இருப்பா.

இதுல என்ன இருக்குன்னு எங்க வீட்டுக்காரரும் கேப்பாக. என்ன இல்ல? அது யாரு வீடுன்னு கேட்டு மிதிக்கிறதில்ல. மந்திரி பங்களாவும் ஒண்ணுதான், எங்க லைன் வீடும் ஒண்ணுதான். பொம்பளைன்னா அடக்கமா இருக்கணும்னு அது வசனம் பேசாது. புருசன் கால்ல விழுந்து கும்பிடுன்னு பாட்டுப் பாடாது. பேசாம வரும், மிதிக்கும், போயிரும். ஒரு வாரம் மில்லு சூப்பர்வைசர்ட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவளுக்கு, ஒரு எட்டு மாடிக் கட்டடம் பொலபொலன்னு உதிர்றதப் பாத்தா எப்படி இருக்கும்னு நெனைக்கிற? ஆயில் மசாஜ் பண்ண மாதிரி இருக்கும்.

கொறை இல்லாமலா? நெறைய இருக்கு. நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டுக் கும்பிடுறவ இல்ல. மொத கொறை, மழை. எந்த ஊர்ல எந்த மிருகம் வந்தாலும் அன்னைக்குன்னு அங்க மழை பேயும். அதுவும் ராத்திரி. நாம காசு குடுத்து இருட்டைப் பாத்துட்டு வரணும். ரெண்டாவது அந்தப் பட்டாளத்துக்காரன். போன படத்துல சுட்டான், ஒண்ணும் ஆகல. இந்தப் படத்துலயும் சுடுவான். அடுத்ததுலயும் சுடுவான். எங்க மில்லுல நூல் சுத்துற பாபின் ஒண்ணு சரியில்லைன்னா ரெண்டாவது தடவை அதை எவளும் மாட்ட மாட்டா.

எல்லாத்துலயும் பெரிய கொறை அந்தக் கண்ணாடி போட்ட விஞ்ஞானி. அவரு பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பா. மக அப்பன் மூஞ்சியில முழிக்க மாட்டா. ஊரே இடிஞ்சு விழுந்துக்கிட்டு இருக்கும், இவரு நடு ரோட்டுல நின்னு மககிட்ட மனசு விட்டுப் பேசுவாரு. நான் டிக்கெட் எடுத்தது இவுக குடும்பச் சண்டையப் பாக்கவா? குடும்பச் சண்டை பாக்கணும்னா எங்க தெருவுல ஓசியிலயே பாக்கலாமே. மிருகத்தக் காட்டுறான்னு போனா மனுசனக் காட்டுறான். இதைச் சொன்னா எம் மருமக ஒத்துக்க மாட்டா. அங்கதான் ஆரம்பிச்சுச்சு எல்லாம்.

எங்க வீட்டுக்காரர் கருத்தப்பாண்டி, கரண்டு ஆபீசுல லைன்மேனா இருந்து ரிட்டையர்டு ஆனவுக. என் படத்துக்கெல்லாம் அவுக வச்ச பேரு ஓணான் படம். "உன் ஓணான் படம் முடிஞ்சா ரிமோட்டக் குடு, நியூஸ் பாக்கணும்"பாக. நியூசுல நாலு பேரு ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து கத்துறதை மணிக்கணக்காப் பாப்பாக. அது அறிவு. நான் ஒரு உடும்பு கத்துறதப் பாத்தா அது கிறுக்கு. மகன் ராஜகுரு அதுக்கும் மேல. அவனுக்குப் பொறந்ததுல இருந்தே சத்தம்னா ஆகாது. குக்கர் விசில் அடிச்சாலே தோளைக் குறுக்குவான். எனக்குப் பொறந்த பிள்ளைதானான்னு எனக்கே சந்தேகம் வரும்.

அவனுக்குச் சங்கரன்கோயில் பக்கம் பொண்ணு பாத்தோம். அவுக அப்பா மாவு மில்லு வச்சிருக்காரு. மில்லும் வீடும் ஒரே கட்டடம். அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு ஜோதி வாயே தொறக்கல. காபியக் குடுத்துட்டுச் செவத்தோட செவரா நின்னா. எங்க மூத்தாரு, வீட்டுக்காரருக்கு அண்ணன், சங்கிலின்னு பேரு, "அடக்கமான பொண்ணு"ன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள சப்புன்னு இருந்துச்சு. வீட்டுல ஏற்கெனவே ரெண்டு ஊமை. இது மூணாவதான்னு நெனைச்சேன்.

கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச நா கழிச்சு ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம். டிவியில அந்த உடும்புப் படம் போட்டான். நான் கீழ முறத்தோட உக்காந்து பாக்குறேன். இவ அடுப்படி வாசல்ல கரண்டியோட வந்து நின்னா. வாலு மட்டும் தண்ணிக்கு மேல வந்து போச்சு. பெறகு உடம்பு வந்துச்சு. "ஆகா"ன்னேன். பின்னாடி இருந்து ஒரு சத்தம். "வாலைக் காட்டுனதோட நிப்பாட்டியிருக்கணும் அத்தை!" திடுக்குன்னு போச்சு. அந்தச் செவத்துக்குள்ள இருந்தா இந்தச் சத்தம்? வருசக்கணக்குல எங்க வீட்டுக்குள்ள ஒருத்தர் பேசுனது எனக்கு முழுசாக் கேட்டது அன்னைக்குத்தான் தாயி.

"ஏன் நிப்பாட்டணும்?"னேன். "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. மணி கேக்குற வரைக்குந்தான் பயம். யானையப் பாத்துட்டாப் பெறகு வாழைப்பழம் குடுக்கத்தான் தோணும்"னா. எப்படி வாய் பாத்தியா? வந்து மாசம் ஆகல. நான் விடுவேனா? "அடியே, யானைன்னு சொல்லிட்டு மணிய மட்டும் ஆட்டிட்டுப் போனா அது ஏமாத்து வேலை. நான் யானையப் பாக்கத்தான் வந்தேன்"னேன். அவ கரண்டிய நீட்டி நீட்டிப் பேசுறா, நான் முறத்தத் தட்டித் தட்டிப் பேசுறேன். ரசம் கொதிச்சு வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு போச்சு. ரெண்டு பேருமே பாக்கல.

அதுல இருந்து தெனமும்தான். மாவு ஆட்டும்போது, துணி காயப் போடும்போது, ரேசன் கடை வரிசையில நிக்கும்போது. அந்தக் காலத்துப் படத்துல ரப்பர் தோலுக்குள்ள ஆள் புகுந்துக்கிட்டு அட்டைக் கட்டடத்த மிதிப்பான் பாரு, எனக்கு அதுதான் உசத்தி. மிதிச்சா மிதிச்ச மாதிரி இருக்கும். உள்ள ஒருத்தன் வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறான்ல, அந்தக் கனம் தெரியும். அவ, "முதுகுல ஜிப்பு தெரியுது அத்தை"ன்னு சிரிப்பா. கம்ப்யூட்டர்ல செஞ்சாத்தான் செதிலு செதிலாத் தெரியுதாம். எத்தனை செதிலு இருந்து என்ன, காத்துல மெதக்குற பலூன் மாதிரில்ல நடக்குது?

விஞ்ஞானி விசயத்துலதான் ரொம்ப முத்திப் போச்சு. ஆளே வேண்டாம், மிருகம் மட்டும் போதும்ங்கிறேன் நான். அவ என்ன சொல்றான்னா, "பக்கத்துல ஒரு ஆள் நின்னாத்தானே அத்தை அது பெருசுன்னு தெரியும்? ஆளே இல்லைன்னா அது ஓணானா உடும்பான்னு எதை வச்சுச் சொல்லுவீங்க?" கேட்டியா பேச்ச? பதில் வரலைன்னா சத்தம் கூடத்தான செய்யும். கூட்டுனேன்.

அந்த உடும்புப் படக் கடைசியில ஒண்ணு வரும். எல்லாம் முடிஞ்சு உடும்பு கடலுக்குத் திரும்பிப் போகும். விஞ்ஞானி மக கரையில நின்னு அழுவா. பாதிக் கடல்ல நின்னு உடும்பு ஒரு தடவை திரும்பிப் பாக்கும். யாரப் பாத்துச்சு? அந்தப் பிள்ளையத்தான் பாத்துச்சுங்கிறா ஜோதி. எறும்பு உசரத்துல ஒருத்தி நிக்கிறா, அவ்வளவு பெரிய சீவனுக்கு அவ தெரிவாளா? இடிச்சுப் போட்ட ஊரைத்தான் பாத்துச்சு, இன்னும் எதுவும் மிச்சம் இருக்கான்னு. இது ஒண்ணுக்கே எங்களுக்கு ஒரு மாசம் ஓடுச்சு. சாப்பிட உக்காந்தா அதுதான். எந்திரிச்சா அதுதான். நான் வேணும்னே ஆறப் போட்டு, மறுநாள் தண்ணி பிடிக்கிற எடத்துல மறுபடி எடுத்து விடுவேன். அவளும் லேசுப்பட்டவ இல்ல. ராஜகுரு வேலைக்குக் கெளம்புற வரைக்கும் பொறுத்திருந்து, கதவச் சாத்துன கையோட, "நேத்து நீங்க சொன்னது தப்பு அத்தை"ன்னு வந்து நிப்பா.

பக்கத்து வீட்டுல பஞ்சவர்ணம்னு ஒருத்தி. அவளுக்கும் எங்களுக்கும் ஒரே செவரு. வெறும் வாய மெல்லுறவ. அவளுக்கு அவலு கெடைச்சா விடுவாளா? அன்னைக்கு மொட்டை மாடியில வத்தல் காயப் போட்டுக்கிட்டு ஜோதி சொல்றா, "ஒரு பொண்ணு நின்னு அழுதுக்கிட்டு இருக்கா, உங்களுக்கு மனசே இல்லையா அத்தை?" நான் சொல்றேன், "அழுதா அழுதுட்டுப் போறா! அவளையும் அவ அப்பனையும் சேத்துல்ல நசுக்கியிருக்கணும்!" நான் படத்தச் சொல்றேன் தாயி. விஞ்ஞானியச் சொல்றேன். நீயே சிரிக்கிற பாரு. பஞ்சவர்ணம் சிரிக்கல. பொழுது சாயுறதுக்குள்ள தெருவு பூரா சொல்லிட்டா. மாமியாக்காரி மருமகளையும் சம்பந்தியையும் நசுக்கிப் போடுவேன்னு மாடியில நின்னு சபதம் போட்டாளாம்.

மகன் காதுக்குப் போச்சு. அவன் ஏற்கெனவே எங்க சத்தத்துக்குப் பயந்து ஓவர்டைம் பாத்துக்கிட்டு இருந்தவன். மூத்தாரு வந்துட்டாரு. சங்கரன்கோயில்ல இருந்து சம்பந்தியும் வந்துட்டாரு. நடு வீட்டுல பாயை விரிச்சு உக்காந்தாக. "என்னம்மா பிரச்சனை உங்களுக்குள்ள?"ன்னு மூத்தாரு கேக்குறாரு. என்னத்தச் சொல்ல? உடும்பு திரும்பிப் பாத்தது யாரைன்னு சண்டைன்னு சம்பந்தி முன்னால எப்படிச் சொல்றது? ஜோதிதான் மெதுவாச் சொன்னா. "நாங்க படத்தப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தோம் பெரிய மாமா. வேற ஒண்ணுமில்ல."

எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக. மூத்தாருக்குக் கண்ணே கலங்கிருச்சு. "பாத்தீகளா, மாமியார விட்டுக் குடுக்காமப் பேசுது பிள்ளை. என்ன பொறுமை, என்ன பொறுமை"ன்னாரு. சம்பந்தி துண்டால மூஞ்சியத் தொடைக்கிறாரு. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். இவளா பொறுமை? நான் ஒரு பேச்சு முடிக்கிறதுக்குள்ள மூணு பேச்சுப் பேசுறவ. ஊர்ல நல்ல பேரு எடுக்க நின்னுக்கிட்டு இருக்கா. எந்திரிச்சு, "அவளுக்கா பொறுமை? என்னைய ஒரு வார்த்தை பேச விடுறாளான்னு கேளுங்க! இன்னைக்கும் சொல்றேன், அவ சொல்றது தப்புத்தான்!"னு சொல்லிட்டேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன் போல.

அவ்வளவுதான். "ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்காது, கிட்ட உறவு முட்டப் பகை"ன்னு மூத்தாரு தீர்ப்புச் சொல்லிட்டாரு. ராஜகுருவுக்குத் திருமங்கலத்துலதான டிராக்டர் சோரூம்ல வேலை, அங்கயே வீடு பாத்துப் போகட்டும்னுட்டாரு. நாம என்ன சொல்ல முடியும்? "போனாப் போறாக, எனக்கு வேலை மிச்சம்"னு சொன்னேன். சொல்லத்தான செய்யணும்.

சாமான் வண்டி கெளம்புன அன்னைக்கு நான் வாசல்ல நின்னேன். ஜோதி முன் சீட்டுல இருந்தா. தெருமுக்குல வண்டி திரும்பும்போது திரும்பிப் பாத்தா. வீட்டைப் பாத்தாளோ, கம்பத்துல கட்டுன கொடியப் பாத்தாளோ. எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாது, தூசி வேற. அதை விடு.

ஆனா உண்மையச் சொல்றேன், வீடு வெறிச்சுன்னு போச்சு தாயி. சாப்பாடு எறங்கல. டிவியில படம் ஓடுது, நான் பாட்டுக்குப் பாக்குறேன், வாலு வருது, உடம்பு வருது, பின்னாடி கரண்டிச் சத்தம் இல்ல. எங்க வீட்டுக்காரருக்கே பாவமாப் போயிருச்சு போல. ஒரு நா நியூசை விட்டுட்டு எம் பக்கத்துல வந்து உக்காந்தாக. ஓணான் படத்துக்கு! கொஞ்ச நேரம் பாத்துட்டு, "எதுக்கு இந்தக் கண்ணாடிக்காரன் வந்து வந்து பேசுறான்? மிருகம் மட்டும் போதாதா?"ன்னாக. நான் வருசக்கணக்காச் சொல்றதத்தான் சொன்னாக. எனக்கு வந்துச்சு பாரு கோவம். "பக்கத்துல ஒரு ஆள் நின்னாத்தானே அது பெருசுன்னு தெரியும்! இதுகூடத் தெரியாமப் படம் பாக்க வந்துட்டீக"ன்னு கத்துனேன். அவுக எந்திரிச்சு உள்ள போயிட்டாக. எனக்கு ஏன் அம்புட்டுக் கோவம் வந்துச்சுன்னு இப்ப வரைக்கும் தெரியல.

என்ன? நான் ஜோதி கட்சிக்கு மாறிட்டேனா? யாரு சொன்னா? அது வேற, இது வேற. நீ சின்னப் பிள்ளை, உனக்குப் புரியாது.

போன் பண்ணுவேன். போன்ல எனக்குப் பாதிதான் கேக்கும். அவ அங்க சத்தமாப் பேசுனா கீழ்வீட்டுல இருக்கிற, வாடகை வாங்குற வீட்டுக்காரம்மா மேல வந்து, "இது என்ன சந்தைக்கடையா"ன்னு கேட்டுச்சாம். ராஜகுருவும், "இது டவுனு, மெதுவாப் பேசிப் பழகு"ன்னு சொல்லிச் சொல்லி வச்சிருக்கான். போன வாரம் பெருமையாச் சொல்றான் எங்கிட்ட. "அம்மா, ஜோதி இப்ப எவ்வளவு அமைதியாயிட்டா தெரியுமா? வீட்டுல ஆள் இருக்கிறதே தெரியல"ங்கிறான். ஆள் இருக்கிறதே தெரியலையாம். இதுல அவனுக்குச் சந்தோசம்.

எனக்கு அன்னைக்கே மனசு சரியில்ல. மாவு மில்லுல பொறந்த பிள்ளை அமைதியா இருக்குன்னா அது உடம்புக்கு முடியலைன்னு அர்த்தம், இல்ல மனசுக்கு முடியலைன்னு அர்த்தம். நேத்துப் போனைப் போட்டேன். புதுசா ஒரு படம் வந்திருக்குல்ல, நண்டுப் படம், கலங்கரை விளக்கத்தக் கொடுக்குல பிடிச்சு ஒடிக்கும்னு போஸ்டர்ல போட்டிருக்கானே, அதேதான். அதை வச்சுச் சீண்டுவோம்னு, "நண்டெல்லாம் ஒரு மிருகமாடி? கொழம்பு வைக்கிற சாமானு"ன்னேன். பாயப் போறான்னு போனைக் காதுல இருந்து தள்ளிப் பிடிச்சேன். "ஆமா அத்தை"ங்கிறா. சரி, காதுல விழலையோன்னு, "கம்ப்யூட்டர்ல செஞ்சது எல்லாமே குப்பை"ன்னேன். "ஆமா அத்தை." "அந்த உடும்பு ஊரைத்தான் பாத்துச்சு." அதுக்கும், "இருக்கும் அத்தை"ங்கிறா தாயி. இருக்கும் அத்தையாம்!

ஜெயிச்சுட்டேன்ல? ஒரு மாசம் மல்லுக்கட்டுன விசயத்துல ஜெயிச்சுட்டேன். போனை வச்சுட்டு அடுப்படியில உக்காந்து அழுதேன்.

"நாளைக்கு மதுரைக்குப் படத்துக்குப் போவோம், நான் காலையில பஸ் ஏறிட்டுப் போன் பண்றேன், நீ திருமங்கலத்துல வந்து நில்லு"ன்னேன். அதுக்கும் "சரி அத்தை". எந்தப் படம்னு கேக்கல. வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. அவ மட்டும் இன்னைக்கும் எங்கிட்ட "ஆமா அத்தை"ன்னு தலைய ஆட்டுனான்னு வையி, நான் மூத்தாரு வீட்டு வாசல்ல போயி நின்னு கேக்கப் போறேன், எங்க பிள்ளைய என்ன பண்ணி வச்சிருக்கீகன்னு. அவளப் பாக்கத்தான் போறேன்னு நெனைச்சுக்கிறாத. படந்தான் முக்கியம். தனியாப் போனா எடைவேளையில பாப்கார்ன் வாங்க எந்திரிச்சாச் சீட்டுப் போயிரும், அதுக்கு ஒரு ஆள் வேணும்.

கல்லுப்பட்டி எப்பவோ தாண்டிருச்சா? நான் எங்க பாத்தேன்? ஜன்னல நல்லாத் தெறந்து விடு தாயி. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்புறான் பாரு. எங்க நிப்பா? பழக்கடை ஓரமா நிக்கச் சொன்னேன். அது இல்ல, அது வேற யாரோ. வரல போலயே. வரல. அட, அந்தா! தூணுக்குப் பின்னாடி. ஏ ஜோதீ! ஜோதீ! இங்க, இங்க, முன் வாசல்ல ஏறு! எளைச்சுட்டாளே தாயி. சேலை தோள்ல நிக்க மாட்டேங்குது பாரு.

வா, வா, இந்தப் பிள்ளை நகந்து உக்காரும், நடுவுல வா. இவ நம்ம ஆளுதான், ராஜபாளையத்துல இருந்து எல்லாம் சொல்லிக்கிட்டு வர்றேன். சாப்பிட்டியா? தலைய ஆட்டாத, வாயத் தொறந்து சொல்லு. என்ன? "சாப்பிட்டேன் அத்தை"யா? பாத்தியா தாயி, பஸ்ஸு சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. ஒதடு மட்டும் அசையுது.

ஜோதி, இங்க பாரு. நான் யோசிச்சுட்டேன். இந்த நண்டுப் படம் தண்டம். நண்டு பக்கவாட்டுல நடக்கிற சாதி. ஊரை அழிக்க வர்றது ஊரைப் பாத்துல்ல வரணும்? இது எங்கயோ பராக்குப் பாத்துக்கிட்டு வந்தா எவன் பயப்படுவான்? சொல்லு. என்னது, "ஆமா"வா? என்னடி ஆமா? எதுக்கு அந்தப் பக்கம் திரும்புற? என்ன சொன்ன? எல்லாரும் பாக்குறாகளா? பாக்கட்டும். இது பஸ்ஸுடி, உன் வீட்டுக்காரம்மா வீட்டு மாடி இல்ல. மெதுவாப் பேசுனா எனக்குக் கேக்காதுன்னு உனக்குத் தெரியாதா?

ஆங்? இன்னும் கொஞ்சம். பக்கவாட்டுல நடந்தா? சத்தமாச் சொல்லு, இன்னும் சத்தமா. "பக்கவாட்டுல நடந்தாத்தான் அத்தை ஒரே நடையில தெருவு ரெண்டு பக்கமும் காலி"யா? "நீங்க நண்டையே பாத்ததில்ல, கொழம்பைத்தான் பாத்திருக்கீங்க"வா? அடி ஆத்தீ! கேட்டியா தாயி, கேட்டியா? என்னையவா சொல்ற? நான் பாத்த படத்துல பாதி நீ பாத்திருப்பியாடி? தப்பு! முழுத் தப்பு! கையை நீட்டிப் பேசாத! பேசு, பேசு, நீ பேசி முடி, பெறகு நான் வர்றேன்!

யாரு, கண்டக்டர் தம்பியா? எதுக்குப்பா எங்க ரெண்டு பேருக்கும் குறுக்க கையை விடுற? அவ ஏன் பின் சீட்டுக்குப் போகணும்? அவ எங்கயும் போக மாட்டா. நாங்க சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்ல, வெலக்கிவிட வராத. ஒரு வாட்டி வெலக்கிவிட்டு நாங்க பட்டதே போதும்.